ஆறே முக்காலுக்குப் பிடித்த தண்ணீர்

மார்ச் 4, செவ்வாய்

பேருந்து நிறுத்தங்களில் நிழற்குடை இல்லாதது பற்றி எழுதிக் கொடுத்த கட்டுரை மேசைக்கே திரும்பி வந்து கிடந்தது. ஓரத்தில் சிவப்பு மையில்: "படித்து முடிப்பதற்குள் மூன்று கொட்டாவி. பாதியாக்கு." எங்கள் செய்தி ஆசிரியர். எதிரில் 'சார்', முதுகுக்குப் பின்னால் 'கத்தரி'. அது அவருக்கும் தெரியும், உள்ளூரப் பெருமைதான். பாதியாக்கினேன். கட்டுரை நன்றாகத்தான் ஆனது. அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

மதியம் தபால். வழக்கமாக எனக்கு வருவது கவிதையும் வசவும். இன்று பதிவுத் தபாலில் ஒன்று, கோடு போட்ட தாளில் நான்கே வரி. "நான் குடிநீர்த் துறையில் பரிசோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுக்கிறவள். முப்பத்தொரு வருடமாக. பள்ளிக்கூடத் தண்ணீர் பற்றி ஒரு விஷயம் காட்ட வேண்டும். நேரம் இருந்தால் கூப்பிடவும்." கீழே கையெழுத்து, முழுப் பெயர், தொலைபேசி எண். இப்படியா பட்டவர்த்தனமாகப் பெயரைப் போட்டு அனுப்புவார்கள்? பாவம், விவரம் தெரியாதவர் என்று நினைத்துக்கொண்டேன்.

கூப்பிட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டேன். "போன்ல எதுவும் சொல்லாதீங்க. நேர்ல பேசிக்கலாம். உங்க பேரு எங்கேயும் வராது." "சரிம்மா. எங்க வரணும்?" என்றார்.

இந்தக் குறிப்பேட்டிலும் அவர் பெயரை எழுதுவதாக இல்லை. மாதிரிக்காரம்மா என்று வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

சந்திக்க இடம்? டீக்கடையில் பத்துப் பேர் பார்ப்பார்கள். அலுவலகம் வேண்டவே வேண்டாம். கடைசியில் என் வீட்டுக்காரரின் மூக்குக் கண்ணாடிக் கடையைத்தான் பிடித்தேன். பின்னால் கண் பரிசோதிக்கும் அறை ஒன்று இருக்கிறது. ஜன்னல் கிடையாது, விளக்கை அணைத்தால் எழுத்துப் பலகை மட்டும் எரியும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரச் சொன்னேன்.

ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு வயது இருக்கும். ரப்பர் செருப்பு, தோளில் துணிப்பை, உட்கார்ந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்ததும் பெரிதாக மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். குழாயடியில் நின்றே எழுதும் நோட்டாம். ஓரமெல்லாம் தண்ணீர் பட்டு உப்பியிருந்தது.

பிப்ரவரி மூன்று, திங்கட்கிழமை. சந்தைக்குப் பின்னால் இருக்கிற தொடக்கப் பள்ளி. காலை ஆறே முக்காலுக்குப் பிடித்த தண்ணீரில் ஈயம் லிட்டருக்கு நாற்பத்தொரு மைக்ரோகிராம். இருக்கலாம் என்று அனுமதித்த அளவு பத்து. ஒரு வாரம் கழித்து மேலிடத்து உத்தரவு: குழாயைப் பத்து நிமிடம் திறந்துவிட்டு, பகல் பதினொரு மணிக்கு மறுபடி பிடி. இந்த முறை நான்கு. அறிக்கையில் இருப்பது நான்கு மட்டும். நாற்பத்தொன்று என்று ஒன்று இருந்ததாகவே எங்கும் இல்லை.

எனக்கு வித்தியாசம் புரியவில்லை. புரிய வைத்தார்.

"லீவு முடிஞ்சு மொதல்ல பிடிக்கிற தண்ணிதாம்மா உண்மையைச் சொல்லும். ரெண்டு நாளா பழைய ஈயக் குழாய்க்குள்ளயே கெடந்த தண்ணி அது. பத்து நிமிஷம் தொறந்து விட்டா நல்ல தண்ணிதான் வரும். புள்ளைங்க என்ன, பத்து நிமிஷம் தொறந்து விட்டுட்டா குடிக்குதுங்க?"

அதே பழைய குழாய்தான் இன்னும் நான்கு பள்ளிகளுக்குப் போகிறதாம். அங்கெல்லாம் மாதிரியே எடுக்கவில்லை.

எதற்காக இதையெல்லாம் செய்கிறீர்கள் என்று கேட்டேன். நீதி, நேர்மை என்று ஏதாவது சொல்வார், குறித்துக்கொள்ளலாம் என்று பேனாவையும் திறந்தேன். "நான் பிடிச்ச தண்ணியைப் பிடிக்கலைன்னு சொன்னா எப்படிம்மா?" என்றார். அவ்வளவுதான்.

இதைப் பற்றி வேறு யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று எச்சரித்தேன். ஒரு மாதிரி பார்த்தார். "இனிமேலா?" என்றார். "இனிமே" என்றேன் அழுத்தமாக. ஏதோ சொல்ல வந்தவர் அப்படியே விட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். "வந்ததே வந்தீங்க, கண்ணையும் பாத்துடலாமே?" கையில் கிடைத்த ஆளை இவர் விடமாட்டார். பார்த்தால் நிஜமாகவே படிக்கிற கண்ணாடி தேவைப்பட்டது. பன்னிரண்டு நாளில் தயாராகும் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். நான் ரகசியமாகச் சந்தித்த ஆளின் பெயர், எண் எல்லாம் எழுதி வீட்டுக்காரர் சீட்டுக் கொடுக்கிறார்! தலையில் அடித்துக்கொண்டேன்.

மாதிரிக்காரம்மா ஓய்வு பெற இன்னும் பதினாறு மாதம். குடியிருப்பது துறையின் குடியிருப்பில். கணவர் இல்லை. இந்த வேலை போனால் வீடும் போகும். நானாகக் கேட்டுத்தான் சொன்னார், புலம்பலாக இல்லை. என்னால் அவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது. இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

ஒருவர் சொன்னார் என்பதற்காகவெல்லாம் கத்தரி அச்சுக்கு விடமாட்டார். "நீயே தண்ணி பிடி" என்று சொல்லிவிட்டார். காலை ஆறரைக்குச் சந்தைப் பள்ளித் தலைமையாசிரியை சாவியோடு வந்து காத்திருந்தார். தனியார் ஆய்வகத்து ஆள் கையுறை போட்டுக்கொண்டு குழாயைத் திறந்தார். முதல் தண்ணீர், ஒரு சொட்டு விடாமல், நேராகப் பாட்டிலுக்குள். பார்வைக்குத் தெளிந்த தண்ணீர். மணம் இல்லை, நிறம் இல்லை. தலைமையாசிரியை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் இருபது வருஷமா இதைத்தான் குடிக்கிறேன்" என்றார்.

மார்ச் 12, புதன்

முப்பத்தெட்டு!

ஆய்வகத்துக்காரர் எண்ணைச் சொன்னதும் நாற்காலியை விட்டு எழுந்து "வந்துடுச்சு!" என்று கத்திவிட்டேன். விளையாட்டுப் பக்கத்து ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. குழந்தைகள் குடிக்கிற தண்ணீரில் விஷம் இருக்கிறது, அதற்கு ஒருத்தி துள்ளிக் குதிக்கிறாள். என்ன பிறவி நான்?

அந்த வெட்கத்தோடே ஆட்டோ பிடித்துப் பள்ளிக்கு ஓடினேன். செய்தி எப்போது வேண்டுமானாலும் வரட்டும், தலைமையாசிரியைக்கு இன்றே தெரிய வேண்டும். தாளைப் படித்தார். எழுந்து போய் ஆறு குழாய்களையும் தன் கையாலேயே சாக்குப் போட்டுக் கட்டினார். இங்கே முடிந்தது. மற்ற நான்கு பள்ளிகளுக்கு எந்த எண்ணும் நம் கையில் இல்லை. துறை ஒப்புக்கொண்டால்தான், அல்லது ஊரறியச் செய்தி வந்தால்தான் அந்தக் குழாய்கள் மூடப்படும்.

மார்ச் 13, வியாழன்

யார் மேல் குற்றம் சொல்கிறோமோ அவர்களிடம் முதலில் கேள்வி அனுப்பி, பதில் சொல்ல மூன்று வேலை நாள் கொடுக்க வேண்டும். எங்கள் வழக்கம் அது. ஒன்பது கேள்வி எழுதினேன். கத்தரி இரண்டை வெட்டினார். எங்கள் பத்திரிகையின் வக்கீலம்மா ஒவ்வொரு வார்த்தையாகத் தடவிப் பார்த்து, "மறைத்தது" என்பதை "சேர்க்காதது" என்று மாற்றினார். மாலை நாலு மணிக்குத் தலைமைப் பொறியாளருக்கு அனுப்பினோம்.

நாலாவது கேள்வி மட்டும் இருந்தாலே போதும், கிடுக்கிப்பிடி. எனக்கு நானே ஒரு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

மார்ச் 14, வெள்ளி

ஐயோ.

பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. நாலாவது கேள்வி. "பிப்ரவரி 3, காலை 6.45 மணிக்கு எடுத்த மாதிரியின் அளவு அறிக்கையில் ஏன் இல்லை?"

ஆறே முக்கால். ஆய்வகப் பதிவேட்டில் தேதி மட்டும்தான் இருக்கும், மணி இருக்காது. மாதிரிக்காரம்மாவே அன்று சொன்னார். மணி இருப்பது குழாயடி நோட்டில் மட்டும். அந்த நோட்டு இருப்பது ஒரே ஒருவர் பையில்.

வாயில் நுரையோடு அப்படியே நின்றேன்.

அதே நாள், அலுவலகத்தில்

கத்தரியிடம் சொன்னேன். கேள்வித் தாளை எடுத்தார், நாலாவதில் விரலை வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நானும்தான் படிச்சேன்மா. அடேயப்பா, எவ்வளவு துல்லியமா எழுதியிருக்கான்னு நெனச்சேன்."

இருபது வருடமாக இந்த மனிதர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே பாடம்: 'காலை' என்று எழுதாதே, எத்தனை மணி என்று எழுது. யாராவது 'சிலர்' என்று எழுதினால் 'எத்தனை பேர்' என்று கேட்டுப் பந்தாடிவிடுவார். அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறி, மணி இருந்தால் அழகு என்று மூன்று பேருக்கும் தோன்றியிருக்கிறது. வக்கீலம்மா அவதூறு தேடினார், கத்தரி நீளம் தேடினார், நான் என் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தேன். அந்தம்மாவை ஒருத்தரும் தேடவில்லை.

அவரைக் கூப்பிட்டு எச்சரிக்கட்டுமா என்றேன். "கூப்பிடாதே. இன்னிக்கு அவங்க போன்ல உன் நம்பர் வந்தா அதுவே சாட்சி" என்றார். சரிதான். ஆனால் இது என்ன மாதிரி சரி?

மார்ச் 15, சனி

குடிநீர்த் துறையின் மக்கள் தொடர்பு அதிகாரி பேசினார். குரலில் தேன். "பதில் செவ்வாய்க்கிழமை தர்றோம் மேடம். ஆமா, அந்த நாலாவது கேள்வி... ஆறே முக்கால்னு போட்டிருக்கீங்களே, அது எங்கேர்ந்து கெடச்சுது?"

"பதிலை எழுத்துல குடுங்க சார்" என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே வைத்தார்.

மார்ச் 16, ஞாயிறு

காலையிலிருந்து மூன்று பாத்திரங்களை உடைக்காத குறை. கடையில் எண்ணெய் வாங்கி வரச் சொன்னாயா என்று கேட்ட வீட்டுக்காரரிடம் பாய்ந்துவிட்டேன். அவர் பாட்டுக்கு எண்ணெய்க் குப்பியை வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

எங்களோடுதான் இருக்கிறார் நாத்தனார். ஏதோ அலுவலகத்தில் பணியாளர் பிரிவுக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். செய்தித்தாளில் நான் எழுதுவதைத் தவிர எல்லாவற்றையும் படிப்பார். குறுக்கெழுத்திலிருந்து தலையைத் தூக்காமல், "என்ன ஆச்சு?" என்றார். ஒன்றுமில்லை அண்ணி என்றேன். "ஒண்ணுமில்லாததுக்கா தட்டை இந்தப் போடு போடுறே?"

சொல்லிவிட்டேன். பெயர் சொல்லாமல், எல்லாவற்றையும். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. யாருக்காக அழுகிறேன் என்று அப்போதே ஒரு சந்தேகம். அந்தம்மாவுக்காகவா, நல்ல நிருபர் என்ற என் பெயருக்காகவா? இரண்டும்தான். பொய் எழுதி என்ன ஆகப்போகிறது?

நாத்தனார் ஆறுதலெல்லாம் சொல்கிற ரகம் இல்லை. "அழுது முடிச்சிட்டியா? இப்ப கேளு. நெனச்ச மாத்திரத்துல ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்ப முடியாது. நோட்டீஸ் குடுக்கணும், விளக்கம் கேக்கணும், விசாரணை வைக்கணும். ஒவ்வொண்ணுக்கும் நாள் கணக்கு இருக்கு. அந்தம்மாவுக்கு நோட்டீஸ் வந்தா எங்கிட்ட கொண்டு வா. எத்தனை நோட்டீஸ் நான் எழுதியிருக்கேன், பதில் எழுதத் தெரியாதா எனக்கு?"

இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக இவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல் இருந்தது. பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் இரண்டு பேருக்கும் சங்கடம்.

மார்ச் 17, திங்கள்

எந்தத் தகவலும் இல்லை. கட்டுரையை நிறுத்திவிடலாமா என்று கத்தரியிடம் கேட்டேன். "அந்த நாலு பள்ளிக்கூடத்துலயும் இன்னிக்குக் காலையில மொதத் தண்ணி குடிச்சாச்சு" என்றார்.

மார்ச் 18, செவ்வாய்

பதினோரு மணிக்கு வீட்டுக்காரர் கூப்பிட்டார். "கண்ணாடி வாங்க வந்திருக்காங்க. நீ உடனே வா."

எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று நினைவில்லை. மாதிரிக்காரம்மா கடை நடுவில், வெளிச்சத்தில், புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து கடைச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து இருட்டறைக்குள் இழுத்துப் போனேன். கதவைச் சாத்தியதும் கொட்டிவிட்டேன். தப்பு செய்துவிட்டேன் அக்கா, மணியைப் போட்டுவிட்டேன், சந்தேகத்தை உங்கள் வாசலில் கொண்டு போய் நிறுத்திவிட்டேன், மன்னித்துவிடுங்கள். எழுத்துப் பலகை வெளிச்சத்தில் அவர் முகம் பச்சையாகத் தெரிந்தது. எதுவும் புரியாதவர் போலப் பார்த்தார்.

"ஆமா, வெள்ளிக்கிழமையே கூப்பிட்டாரு தலைமைப் பொறியாளரு. பேப்பர்க்காரங்களுக்கு யாரு குடுத்ததுன்னு கேட்டாரு. எதை சார்னேன். ஆறே முக்காலைன்னாரு. அது உங்க மேசையிலயே இருக்கே சார்னேன்."

"என்னது?"

"நான் எழுதின கடுதாசிம்மா. பிப்ரவரி பன்னண்டாம் தேதி. நோட்டுப் பக்கத்தை நகல் எடுத்து, மணியோட, அளவோட, பதிவுத் தபால்ல அனுப்பினேன். வந்து சேந்ததுக்கு அவரே கையெழுத்துப் போட்ட அட்டை எங்கிட்ட இருக்கு. எடுத்துக் காட்டினேன். மேசையில தேடினாரு. பிரிக்காமலே கெடந்துச்சு."

அவருக்கு மட்டுமா என்று கேட்டேன். இல்லை. சுகாதார அதிகாரிக்கு ஒன்று. கல்வி அலுவலகத்துக்கு ஒன்று. நகரமன்ற உறுப்பினருக்கு, துறைச் செயலாளருக்கு, ஆய்வகத் தலைவருக்கு... விரல் விட்டு எண்ணினார். எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் ஒரே கடிதம், எட்டு அட்டையிலும் கையெழுத்து, ஒருத்தரிடமிருந்தும் பதில் இல்லை.

"யாரும் பதில் போடலைன்னுதான் உங்களுக்கு எழுதினேன். நீங்க ஒம்பதாவது ஆளு."

அப்படியானால் ஆறே முக்கால் எட்டு அலுவலகங்களில் இருக்கிறது. எங்கிருந்து வேண்டுமானாலும் என் கைக்கு வந்திருக்கலாம். கொடுத்தவர் அவர்தான் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

போன உயிர் திரும்பி வந்தது. கண் பரிசோதிக்கும் சுழல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"இதை ஏன் அக்கா எங்கிட்ட அன்னிக்கே சொல்லலை?"

"நீங்க கேக்கவே இல்லையேம்மா, வேற யார்கிட்ட சொன்னேன்னு. சொல்ல வந்தேன், மூச்சு விடாதேன்னீங்க. இருட்டு ரூமுக்கு வரச் சொன்னீங்க. பத்திரிகைக்காரங்க வழக்கமே இப்படித்தான் போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அவரும் சிரித்தார், முதல் முறையாக. அவர் எதையும் ஒளிக்கவே இல்லை. பெயரைப் போட்டு, பதிவுத் தபாலில், ஊருக்கே எழுதியவர். அவரை நான்தான் பிடித்து ரகசியமாக்கினேன். ஏன் கேட்கவில்லை? இதையும் எழுதிவிடுகிறேன். 'வேறு யாருக்குத் தெரியும்' என்று கேட்டால், வேறு பத்திரிகைக்கும் தெரியும் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். எனக்கு மட்டும் கிடைத்ததாக இருக்க வேண்டும் என்ற பேராசை. அந்தப் பேராசையில் பாதிச் செய்தியை நானே கோட்டை விட்டிருக்கிறேன். எட்டுப் பேருக்குத் தெரிந்தும் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அதுதானே செய்தி!

கிளம்பும்போது, செய்தியில் என் பேரைப் போடுங்கள் என்றார். வேண்டாம் அக்கா என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"பேரில்லாம போட்டா யாரு யாருன்னு தேடிக்கிட்டே இருப்பாங்க. பேரு போட்டுட்டா முடிஞ்சுது. ஊருக்கே தெரிஞ்ச ஆளை என்ன பண்ணிட முடியும்?"

மார்ச் 19, புதன்

இன்று இருபது தொலைபேசிப் பேச்சு. எட்டுப் பேரில் மூன்று பேர் கடிதம் வரவே இல்லை என்றார்கள். அட்டையில் உங்கள் கையெழுத்து இருக்கிறதே என்றேன். இருவரிடம் பேசும்போதே தொடர்பு அறுந்துபோனது. ஒருவர் அந்த வாரம் விடுப்பில் இருந்தாராம், விடுப்பில் இருந்துகொண்டே கையெழுத்துப் போட்டிருக்கிறார். நன்றாகத்தான் பூசி மெழுகுகிறார்கள்.

கல்வி அலுவலகத்தில் நேரில் போய் அந்தக் கடிதத்தின் நகல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த எழுத்தர் பத்து நிமிடத்தில் கோப்பிலிருந்து எடுத்து, நகல் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்துவிட்டார். அவ்வளவு சுலபம். வக்கீலம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "அவங்க நம்மகிட்ட பேசினாங்கன்னு ஒரு வரி வரக்கூடாது. கடிதத்தை மட்டும் காட்டு. மேலதிகாரிக்குக் கடிதம் எழுதினது எந்த ஊர்ல குற்றம்?"

துறையின் பதில் ஒரு நாள் தாமதமாக, மாலையில் வந்தது. நாலே வரி. நாலாவது கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

மார்ச் 21, வெள்ளி

வந்துவிட்டது. முதல் பக்கம், கடிதத்தோடு, மாதிரிக்காரம்மாவின் பெயரோடு. கத்தரி ஒரு வரிகூட வெட்டவில்லை. உடம்பு சரியில்லையா சார் என்று கேட்டேன்.

பத்து மணிக்குள் நான்கு பள்ளிகளிலும் குழாயை மூடிவிட்டார்கள். பகல் பன்னிரண்டுக்குத் தண்ணீர் லாரி. தலைமையாசிரியை கூப்பிட்டார், எங்கள் பள்ளிக்கும் ஒரு லாரி சொல்லுங்கள் என்று அதட்டினார். நான் என்ன லாரியா வைத்திருக்கிறேன்? சொல்லி ஏற்பாடு செய்தேன்.

மார்ச் 28, வெள்ளி

நோட்டீஸ் வந்தேவிட்டது. துறையின் பெயருக்குக் களங்கம் விளைவித்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது, பதினைந்து நாளில் விளக்கம் தரவும். மாதிரிக்காரம்மா பதற்றம் இல்லாமல்தான் வீட்டுக்குக் கொண்டு வந்தார். நான்தான் ஓடிப்போய் நாத்தனாரைக் கூப்பிட்டேன்.

நாத்தனார் வாங்கி ஒரு முறை படித்தார். முகத்தில் அப்படி ஒரு பளபளப்பு. ஓய்வு பெற்ற பிறகு இந்த மனுஷியை இவ்வளவு உற்சாகமாகப் பார்த்ததில்லை. "யாரு எழுதினது இதை? எந்த விதின்னே போடலையே! சின்னப் புள்ளைங்க வேலை." இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் ஆறு மணி நேரம் உட்கார்ந்தார்கள். ஒருவர் சொல்ல ஒருவர் எழுத. நான் டீ போட்டுக் கொடுக்கும் ஆள். இடையில் ஒரு வார்த்தை சொல்லப் போனேன். "நீ மணியெல்லாம் எழுதுறவ, சும்மா இரு" என்றார் நாத்தனார்.

ஏப்ரல் 9, புதன்

நோட்டீஸை வாபஸ் வாங்கிவிட்டார்கள்! ஒன்றரை வரிக் கடிதம். மாதிரிக்காரம்மா கொண்டு வந்து காட்டிய கையோடு நாத்தனாரிடம் கொடுத்துவிட்டார், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று. நகல் தனக்குப் போதுமாம்.

நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன். இந்த முறை யாருக்காக என்று சந்தேகம் வரவில்லை. ஒரு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது. இன்று சாப்பிட்டேன், நன்றாகச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

சந்தைப் பள்ளித் தெருவில் பழைய குழாயைத் தோண்டி எடுக்கிறார்கள். தெரு முழுக்கப் பள்ளம். வண்டி போக வழியில்லை என்று வாசகர் ஒருவர் எனக்கு வசைக் கடிதம் எழுதியிருக்கிறார்.

ஜூன் 12, வியாழன்

இருக்கையில் உட்கார்ந்த உடனே மேசைத் தொலைபேசி. "நான்தாம்மா பேசுறேன்" என்று மாதிரிக்காரம்மா தன் முழுப் பெயரையும் பதவியையும் சொன்னார். துறை ஆய்வகத்தின் எண்ணிலிருந்தேதான்.

நேற்று எங்கள் பத்திரிகையில் ஒரு கட்டம் போட்டிருந்தோம். வீட்டுத் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்ப விரும்புகிறவர்கள் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று. அதில் யாரோ நம் ஆட்கள், குழாயைச் சற்று நேரம் திறந்துவிட்டுப் பிடிக்கவும் என்று எழுதித் தொலைத்திருக்கிறார்கள்.

"இதுக்கா நான் இவ்வளவு பாடுபட்டேன்? மொதத் தண்ணிம்மா, மொதத் தண்ணி! ராத்திரி முழுக்க யாரும் தொடாம இருந்து, விடிஞ்சதும் மொதல்ல வர்றது. நாளைக்கே திருத்தம் போடுங்க. காலையிலேர்ந்து நாப்பது பேரு தப்பா பிடிச்ச பாட்டிலோட வரிசையில நிக்கிறாங்க, ஒவ்வொருத்தரையும் திருப்பி அனுப்பிக்கிட்டிருக்கேன்."

நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு ஆண் குரல், கொஞ்சம் அதிகாரமான குரல், யாரிடம் பேச்சு என்று விசாரித்தது. வைத்துவிடுங்கள் அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவர் வாயைத் தொலைபேசியிலிருந்து எடுக்கவே இல்லை. என் காது கிழியும்படி, "பேப்பர்ல தப்பா போட்டிருக்காங்க சார், அதான் திட்டிக்கிட்டிருக்கேன்" என்றார்.

"நல்லா திட்டுங்கம்மா" என்றது அந்தக் குரல்.

திட்டினார். இன்னும் ஐந்து நிமிடம். நான் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் திருத்தத்தை எழுதிக்கொண்டேன். நாளை இரண்டாம் பக்கத்தில் வருகிறது.